மண் தொட்ட விழுது: ஆனந்த குமாரசுவாமி

நுழையும்முன்

நீ யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்னும் வினாக்கள் நம் ஊர்களில் அன்போடு கேட்கப்படுபவை. கரிசல் நிலத்துச் சிற்றூர்களில் வேப்பமர நிழலில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் வழிப்போக்கரிடம் முதலில் கேட்பவை இவையே. ஆனால், இவ்வினாக்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடைகூற இயலாத நிலையில் பிறந்தோரும் உலகில் உளர். தந்தை ஓர் இனம், தாய் வேறோர் இனம் எனப் பிறந்த இளையோர்க்கு அன்பான இவ்வினா சில வேளைகளில் விசாரணையாக மாறிவிடுகிறது. அவர்தம் மனம் இரண்டாகப் பிளவுபட நேர்கிறது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகனாகப் பிறந்து, உலகம் போற்றும் கலையறிஞராக உயர்ந்த ஒருவரின் வாழ்வு, அப்பிளவைக் கடந்த ஒரு வழியை நமக்குக் காட்டுகிறது.

யாழ்ப்பாணக் குடும்பமும் கென்ட் மங்கையும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட புகழ்பெற்ற தமிழ்க் குடும்பம். பாட்டனார் குமாரசுவாமி முதலியார் இலங்கைச் சட்டவாக்கக் கழகத்தின் முதல் தமிழ் உறுப்பினர். தந்தை சர் முத்து குமாரசுவாமி சட்டம் பயின்று, 1863இல் இங்கிலாந்தில் வழக்கறிஞராக ஏற்கப்பட்டார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அந்நாட்டில் அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட அவர், பாலி மொழிப் பௌத்த நூல்களையும் ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றார். இலங்கை அரசியலில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகியோர் இவருடைய சகோதரியின் மக்கள்.

முத்து குமாரசுவாமி மணந்துகொண்டவர் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலேய மங்கை. ஆளும் இனத்துப் பெண் ஒருவர் ஆளப்படும் இனத்து ஆடவரை மணப்பது அக்காலத்தில் அரிதினும் அரிது. தம் மகனுக்கு அவர்கள் இட்ட பெயரிலேயே இரு மண்ணும் இடம்பெற்றன. ஆனந்த என்பது புத்தரின் அணுக்கச் சீடரை நினைவூட்டும் பெயர்; கென்டிஷ் என்பது தாயின் பிறப்பிடமான கென்ட் பகுதியைக் குறிப்பது; குமாரசுவாமி என்பது குன்றுதோறாடும் முருகனின் பெயர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தாய் அவனுடன் இங்கிலாந்து சென்றார். பின்தொடர்ந்து செல்ல ஆயத்தமான முத்து குமாரசுவாமி, 1879ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், கப்பலேறவிருந்த அந்நாளிலேயே கொழும்பில் காலமானார். தந்தையின் மொழியும் உறவும் ஊரும் ஒரே நாளில் அக்குழந்தைக்குத் தொலைவாயின. எஞ்சி நின்றது பெயர் ஒன்றே.

குருதியை அளந்த காலம்

இரு இனப் பெற்றோரின் பிள்ளைகளை ஐரோப்பியப் பேரரசுகள் எவ்வாறு நடத்தின என்பதை அறிந்தால்தான் இக்குழந்தை பிறந்த உலகத்தை நாம் உணர முடியும்.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியத் தாய்மார்க்குப் பிறந்த பிள்ளைகளைத் தன் குடிமைப் பணியிலும் படையிலும் கடற்பணியிலும் அமர்த்தலாகாது என 1791இல் ஆணையிட்டது. தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதோர் படையில் முரசறைவோராகவும் குழலூதுவோராகவும் குதிரை லாடம் அடிப்போராகவும் மட்டுமே இருக்கலாம் என்று 1795இல் மற்றோர் ஆணை வந்தது. தந்தையர் போரிட்ட அதே படையில் மக்கள் முரசடிக்க மட்டுமே தகுதியுடையோர் ஆயினர். இந்நிலையில்தான் கல்கத்தாவில் ஹென்றி டெரோசியோ என்னும் இளைஞர் தோன்றினார். போர்ச்சுக்கீசிய வழிவந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர், இந்தியாவைத் தம் தாய்நாடாகக் கொண்டு ஆங்கிலத்தில் கவிதை பாடினார்; இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே சிந்திக்கத் தூண்டினார்; தம் சமூகத்தார் உரிமைக்காக 1831இல் செய்தித்தாள் நடத்தினார். அவ்வாண்டின் இறுதியிலேயே வாந்திபேதி நோய்க்கு 22 வயதில் இரையானார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பாகுபாடு அறிவியலின் உடையை அணிந்துகொண்டது. மனிதரின் மண்டையோட்டை அளந்தும் மூக்கின் அகலத்தைக் குறித்தும் இனங்களை மேல் கீழென வரிசைப்படுத்தினர். பிரான்சிஸ் கால்டன் என்பார் 1883இல் இனமேம்பாட்டியல் என்னும் துறைக்குப் பெயரிட்டார். 1904இல் அவர் அளித்த நிதியால் லண்டன் பல்கலைக்கழகத்திலேயே அதற்குரிய ஆய்வும் தொடங்கியது. இனக்கலப்பு மனித குலத்தின் தரத்தைக் குறைக்கும் என்னும் எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியது. பொய்யான அக்கொள்கை பிற்கால அறிவியலால் மறுக்கப்பட்டது எனினும், அது மறுக்கப்படுவதற்குள் எண்ணற்ற இளையோரின் மனங்களைக் காயப்படுத்திவிட்டது.

இங்கிலாந்தில் வளர்ந்த குமாரசுவாமி

குளஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்டோன்ஹவுஸ் என்னும் ஊரில் உள்ள விக்லிஃப் கல்லூரிப் பள்ளியில் ஆனந்த குமாரசுவாமி பயின்றார். கோவில்பட்டியிலோ கழுகுமலையிலோ ஒரு வகுப்பில் குமாரசுவாமி என்று அழைத்தால் இருவர் மூவர் எழுந்து நிற்கக்கூடும். இங்கிலாந்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அப்பெயர் அயலாரின் பெயர். அதனைச் சுமந்துகொண்டு, தமிழறியாத சூழலில், தந்தையின் முகம் நினைவில் இல்லாத ஒரு சிறுவன் வளர்ந்தான்.

அவ்வயதில் தாம் என்ன உணர்ந்தார் என்பதைக் குமாரசுவாமி எழுதிவைக்கவில்லை. தன்வரலாறு எழுதுவதைக் கொள்கையளவிலேயே மறுத்தவர் அவர். தம் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பியோரையும் அவர் ஊக்குவிக்கவில்லை. ஒருவரின் தனிப்பட்ட கதையைவிட அவர் சொன்ன உண்மையே பெரிது என்பது அவர் கருத்து. ஆகவே, அவருடைய உள்ளத்தை அவர் எடுத்த முடிவுகளின் வழியாகவே நாம் அறிய வேண்டும்.

முதல் ஈடுபாடு மண்ணும் கல்லுமாக இருந்தது. பள்ளிக்கருகில் இருந்த குன்றின் நிலவியலைப் பற்றிப் பள்ளி இதழில் அவர் கட்டுரை எழுதினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். நெசவிலும் ஒளிப்படக் கலையிலும் தேர்ந்த ஈத்தல் பார்ட்ரிட்ஜை மணந்து, தாம் பிறந்த தீவுக்குத் திரும்பினார். 1903இல் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக அவர் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26 கூட நிறையாமல் இருந்திருக்கலாம். நிறைந்திருந்தாலும் அது இளம்பருவமே. 1904இல் இலங்கையில் கிடைத்த கனமான கருநிறக் கனிமம் ஒன்றை அவர் அறிவியல் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். பின்னர் அது தோரியனைட் என்னும் புதிய கனிமமாக உறுதிசெய்யப்பட்டது. அரசுப் பதவி, அறிவியல் புகழ், ஆங்கிலக் கல்வி ஆகிய மூன்றும் அமைந்த அவர், ஆளும் இனத்தாருள் ஒருவராகவே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவர் அவ்வழியில் செல்லவில்லை.

நிலவியலாளர் கண்ட நோய்

கனிமங்களைத் தேடிக் கண்டி மலைநாட்டின் சிற்றூர்களில் நடந்த குமாரசுவாமியின் கண்ணில் மனிதர்கள் பட்டனர். தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியும் நெய்தும் வார்த்தும் வந்த கைவினைஞர் வேலையின்றி இருந்தனர். வெப்பமான ஊரில் கனத்த ஐரோப்பிய உடையை அணிந்து வியர்த்தோர் பெருமிதம் கொண்டனர். தாய்மொழியில் பேசுவதை இழிவெனக் கருதிய இளைஞர் ஆங்கிலத்தையும் அரைகுறையாகவே பேசினர். தன் வீட்டைக் கண்டு நாணுவோர் கூட்டம் ஒன்று உருவாகிவருவதை அவர் உணர்ந்தார். 1905இல் ‘இரவல் இறகுகள்’ என்னும் பொருள்படும் சிறு வெளியீட்டில் இந்நிலையைக் கண்டித்து எழுதினார்.

கண்டிப்புக்கு அடியில் ஆழ்ந்த மனநலச் சிந்தனை இருந்தது. பிறர் தன்னை இழிவாக நோக்கும் பார்வையைத் தானே வாங்கிக்கொண்டு, அப்பார்வையாலேயே தன்னை அளந்து பார்ப்பவன் எங்கும் அமைதியடைய மாட்டான். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1903இல் தம் மக்களைக் குறித்து எழுதிய நூலில் இதனையே இரட்டை உணர்வுநிலை எனச் சுட்டினார். உலகின் இருவேறு மூலைகளில், ஒருவரையொருவர் சாராமல், இரு இளம் அறிஞர்கள் ஒரே நோயைக் கண்டறிந்தனர் எனலாம்.

குமாரசுவாமிக்கு இது பிறருடைய நோய் மட்டுமன்று. இலங்கை இளைஞர் கல்வியால் தம் மரபிலிருந்து அகன்றனர்; அவரோ கடலாலும் இறப்பாலும் அகற்றப்பட்டவர். தந்தை வழி மரபை அவர் பிறப்பால் இயல்பாகப் பெறவில்லை. வளர்ந்த பின் முயன்று கற்றே அடைந்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தலைமையேற்று நடத்தினார். ‘சிலோன் நேஷனல் ரிவியூ’ என்னும் இதழ் வழியாகத் தமிழும் சிங்களமும் பள்ளிகளில் உரிய இடம்பெற வேண்டும் என வாதிட்டார். தமிழராகிய அவர் முதலில் எழுதிய பெருநூல் சிங்களக் கைவினைஞரைப் பற்றியது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தனக்குரியது எது என்று தேடியவர், அயலவர்க்குரியதையும் மதிக்கக் கற்றார்.

இதே காலத்தில் பாக் நீரிணையின் இக்கரையில், கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்ட முனைந்தார். எட்டயபுரத்துப் பாரதி நாட்டு விடுதலையைப் பாடினார். கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டு ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. சுதேசியம் என்பது வணிகத்தோடு முடிவதன்று என்றார் குமாரசுவாமி. ஐரோப்பியப் பொருளைப் போலவே தரங்குறைந்த பொருளை உள்நாட்டில் செய்து விற்பதால் மட்டும் நாடு விடுதலை பெறாது. நெசவாளரின் கையும் சிற்பியின் கண்ணும் காக்கப்பட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

தெரிந்து தெளிவோம்

குமாரசுவாமியின் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ (1908) என்னும் நூல் இங்கிலாந்தின் பிராட் கேம்டன் என்னும் சிற்றூரில் அவர் தம் இல்லத்திலேயே கையால் அச்சிடப்பட்டது. கவிஞரும் கைவினை இயக்க முன்னோடியுமான வில்லியம் மோரிசின் அச்சுப்பொறி அதற்குப் பயன்பட்டது. பதினைந்து மாத உழைப்பில் 425 படிகள் மட்டுமே அச்சாயின. நூலின் ஒளிப்படங்கள் பல ஈத்தல் எடுத்தவை.

பழிக்கப்பட்ட சிலைகளுக்காக ஒரு குரல்

இந்தியாவில் கைத்தொழில் உண்டு, உயர்கலை இல்லை என்பது அன்றைய ஐரோப்பிய அறிஞர் பலரின் முடிவு. பல கைகளை உடைய தெய்வ வடிவங்களை அவர்கள் விகாரம் என்றனர். 1910இல் லண்டனில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில், சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் அறிஞர் தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலை ஒன்றின் படத்தைக் கண்டு, அதனைக் கொழுப்பிட்டு வேகவைத்த மாப்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். கொதித்தெழுந்த கலையன்பர்கள் அவ்வாண்டிலேயே லண்டனில் இந்தியக் கழகத்தை நிறுவினர். அதில் முன்னின்றோருள் குமாரசுவாமியும் ஒருவர். ஒரு மக்களின் கலையை இழிவுபடுத்துவது அம்மக்களின் உள்ளத்தை இழிவுபடுத்துவதே என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆடல்வல்லான் வடிவம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘சித்தாந்த தீபிகை’ இதழில் இடம்பெற்றது. பின்னர், 1918இல் நியூயார்க்கில் வெளியான ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரைத் தொகுப்புக்கு அதுவே தலைப்பாயிற்று. அக்கட்டுரையில் அவர் கிரேக்க இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களையே சான்றாகக் கொண்டார். உடுக்கை படைப்பையும், தீ அழிப்பையும், அமைந்த கை காப்பையும், ஊன்றிய திருவடி மறைப்பையும், தூக்கிய திருவடி அருளையும் குறிக்கும் என்று அவர் விளக்கியபோது, விகாரம் எனப்பட்ட வடிவம் பேரண்ட இயக்கத்தின் குறியீடாக உலகின்முன் நின்றது. மழலையில் தமிழ் கேட்டு வளராத ஒருவர், தமிழ் மெய்ப்பொருள் மரபைக் கொண்டே தமிழகத்துச் செப்புத்திருமேனிக்கு உலக அரங்கில் இடம்பெற்றுத் தந்தார்.

புத்தர் உருவத்தின் தோற்றம் பற்றிய விவாதமும் இத்தகையதே. காந்தாரத்தில் கிரேக்கச் சிற்பக் கலையின் தொடர்பால்தான் புத்தருக்கு முதன்முதலில் உருவம் அமைந்தது எனப் பிரெஞ்சு அறிஞர் பூஷே முதலியோர் கூறினர். 1927இல் வெளியிட்ட ஆய்வில் குமாரசுவாமி இதனை மறுத்தார். மதுராவின் பழைய இயக்கர் சிலைகளிலிருந்து புத்தர் வடிவம் உருவாகிய வழியை எடுத்துக்காட்டினார். அவ்விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆயினும், இந்தியாவின் சிறந்தவை யாவும் வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் கேள்விக்குள்ளாகாமல் நிற்க முடியவில்லை.

அவர் கற்பித்த பார்வையின் பயனை நம் அருகிலேயே காணலாம். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை உள்ளது. மழை குறைந்த கரிசல் வெளியின் நடுவே எழுந்த அக்குன்றில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோவிலை உருவாக்கினர். அதில் தென்முகக் கடவுள் மத்தளம் வாசிக்கும் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். அதே குன்றில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கோவில் முற்றுப்பெறவில்லை, செதுக்கியவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. பெயரை முன்னிறுத்தாமல் பணியை முன்னிறுத்திய இத்தகைய கைகளையே குமாரசுவாமி தம் நூல்களில் வணங்கினார்.

ஏற்கப்படாத கொடை

இந்தியாவெங்கும் பயணம் செய்து, கேட்பாரற்றுக் கிடந்த இராசபுத்திர ஓவியங்களையும் செப்புத்திருமேனிகளையும் குமாரசுவாமி திரட்டினார். தாகூர் குடும்பத்தாரோடும் சகோதரி நிவேதிதையோடும் நட்புக்கொண்டார். நிவேதிதை 1911இல் மறைந்தபின், அவர் முற்றுப்பெறாமல் விட்ட புராணக் கதை நூலை முடித்து வெளியிட்டவர் குமாரசுவாமியே. காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று அமையுமாயின் தம் சேகரிப்பு முழுவதையும் அளிக்க முன்வந்தார். அதற்கான முயற்சி கைகூடவில்லை. எந்த மண்ணைத் தமதெனத் தேர்ந்தாரோ அந்த மண்ணில் அவருக்கும் அவர் சேகரிப்புக்கும் இடம் அமையாமற்போயிற்று.

முதல் உலகப்போர் மூண்டபோது தாயின் நாடு அவரைப் படைக்கு எதிர்பார்த்தது. இந்தியா விடுதலை பெறாத நிலையில் பிரிட்டனுக்காகப் போரிட இயலாது என அவர் மறுத்தார். இங்கிலாந்தில் தொடர்ந்து வாழ்வது கடினமாயிற்று. 1917இல் அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை ஏற்று, அவரையும் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராக அமர்த்தியது. தம் வாழ்வின் எஞ்சிய 30 ஆண்டுகளையும் அங்கேயே கழித்தார். ‘இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு’ (1927) உள்ளிட்ட பெருநூல்கள் அங்கிருந்தே வெளிவந்தன.

சென்ற நாடும் நிற வேறுபாட்டில் தாழ்ந்ததன்று. வெள்ளையர் பிறரை மணப்பதை அமெரிக்க மாநிலங்கள் பல குற்றமாக்கியிருந்தன. அச்சட்டங்கள் 1967இல்தான் முற்றாக வீழ்ந்தன. இந்தியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்கு உரியர் அல்லர் என 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1928இல் சமூகவியலாளர் இராபர்ட் பார்க், இரு பண்பாடுகளுக்கு இடையே நிற்போரை விளிம்பு மனிதர் எனக் குறித்து, அவர்தம் உள்ளத்தின் அமைதியின்மையை ஆராய்ந்தார். அவர் சுட்டிய துன்பம் உண்மையானதே. ஆனால், அத்துன்பம் குருதியில் பிறப்பதன்று. ஒருவரை இரு வாயில்களிலும் நிறுத்திவைத்து உள்ளே விடாத சமூகத்தில் பிறப்பது. போஸ்டனில் அமைதியாக எழுதிக்கொண்டிருந்த குமாரசுவாமி, விளிம்பில் நிற்பவரால் இருபுறமும் காணமுடியும் என்பதற்குச் சான்றாக விளங்கினார்.

வாழ்வில் ஒரு முரண்

பெரியோரின் வாழ்வை முரண்களோடு அறிவதே முறை. இரு இனங்களின் கலப்பில் பிறந்த குமாரசுவாமி, கலையில் கலப்பை விரும்பாதவராக இருந்தார். ஐரோப்பிய பாணியும் இந்திய மரபும் கலந்த ஓவியங்களை அவர் கடுமையாக விமரிசித்தார். தூய மரபு, கலப்பற்ற மூலம் ஆகியவற்றை இடைவிடாது தேடினார். பழைய சமூக அமைப்பின் கட்டுக்கோப்பைப் போற்றிய அளவுக்கு, அதன் அடித்தட்டில் நசுங்கியோரின் வலியை அவர் எடுத்துரைக்கவில்லை என்பது பின்னாளைய திறனாய்வாளர் பலரின் கருத்து. சாதியின் கொடுமையை எதிர்த்து எழுந்த தமிழ்ச் சமூகம் அவருடைய இக்கருத்துகளை அப்படியே ஏற்பதற்கில்லை.

இம்முரணுக்கும் அவர் பிறப்புக்கும் தொடர்பு உண்டு என எண்ண இடமிருக்கிறது. முழு உரிமை மறுக்கப்பட்டோர் முழுமையை ஏங்கித் தேடுவது இயல்பு. ஐயத்தோடு நோக்கப்படுவோர், பிறரைவிடத் தாமே மரபில் உறுதியானவர் என நிறுவ முயல்வதும் உண்டு. இன்றைய இரு இன இளையோரிடமும் உளவியலாளர் காணும் சுமைகளுள் இதுவும் ஒன்று. குமாரசுவாமிக்குச் செல்வமும் குடும்பப் பெயரும் உயர்கல்வியும் துணைநின்றன. அவையின்றித் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் இராணுவக் குடியிருப்புகளிலும் தந்தை பெயர் அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. அவருடைய வெற்றியைப் போற்றும்போது அவர்களையும் நினைத்தல் கடன்.

இரு மரபும் சந்தித்த ஆழம்

1930களில் குமாரசுவாமியின் எழுத்து மேலும் ஆழ்ந்தது. உபநிடதங்களையும் சங்கரரையும் பௌத்த நூல்களையும் ஒருபுறமும், பிளேட்டோவையும் இடைக்காலக் கிறித்தவ ஞானி எக்கார்ட்டையும் மறுபுறமும் வைத்து அவர் பயின்றார். ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ (1934) என்னும் நூல் இவ்வொப்பீட்டின் பயன். ஐரோப்பாவின் பழைய தேவாலயத்தைக் கட்டிய கொத்தரும் இந்தியக் கோவிலைச் செதுக்கிய சிற்பியும் ஒரே கொள்கையால் இயங்கினர் என்று அவர் காட்டினார். கிழக்கும் மேற்கும் கிளைகளில் வேறுபட்டாலும் வேரில் ஒன்று என்னும் முடிவுக்கு வந்தார். இளமையில் தாயின் உலகை விட்டுத் தந்தையின் உலகைத் தேடிச் சென்றவர், முதுமையில் இரண்டையும் ஒரே மேசையின்மேல் விரித்து வைத்துப் படித்தார். எதனையும் துறக்க வேண்டிய தேவை அப்போது அவருக்கு இல்லாமற்போயிற்று.

ஆலமரத்தின் விழுது வானில் பிறந்து மண்ணைத் தேடி இறங்குவது. மண்ணைத் தொடும்வரை அது காற்றில் ஆடும். தொட்டபின் தானும் ஓர் அடிமரமாகி மரத்தையே தாங்கும். குமாரசுவாமியின் வாழ்வும் அத்தகையது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றதை அவர் கண்டார். ஒரு வாரம் கழித்து அவருடைய 70ஆவது பிறந்தநாள் வந்தது. பணியிலிருந்து ஓய்வுபெற்று இந்தியா சென்று தவவாழ்வு மேற்கொள்ளும் விருப்பத்தை அவ்வேளையில் வெளியிட்டார். ஆனால், செப்டம்பர் 9ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் உயிர் பிரிந்தது. தந்தை மகனைக் காணக் கப்பலேற இயலாமற்போனதுபோல, மகனும் தாம் தேர்ந்த நாட்டுக்குத் திரும்ப இயலாமற்போயிற்று. ஐந்து மாதங்களுக்குள் அவர் பிறந்த இலங்கையும் விடுதலை பெற்றது.

இன்று உலகெங்கும் இரு இனப் பெற்றோரின் பிள்ளைகள் மிகுதியாக வளர்கின்றனர். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் அத்தகையோர் பலர் உளர். ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைத் தம் இனமாகக் குறிக்கும் உரிமையை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2000இல்தான் முதன்முறையாக வழங்கியது. தாம் யார் என்பதைப் பிறருக்கு மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய கடமை இவ்விளையோர்க்கு இல்லை என்றும், பிறர் எதிர்பார்ப்புக்கு மாறாகவும் தம்மை அடையாளப்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் உளவியலாளர் மரியா ரூட் 1993இல் வகுத்துரைத்தார். நம் வகுப்பறைக்கு வேறு மாநிலத்துச் சாயலோடு, வேறு நிறத்தோடு, வேறு உச்சரிப்போடு வந்து அமரும் தோழரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி அன்பின் கேள்வியாக அமைவதும் விசாரணையாக அமைவதும் நம் குரலைப் பொறுத்ததே. ஒருவர் எத்தனை விழுக்காடு எந்த இனம் என்று கணக்கிடுவோர் அவரைக் கூறுபோடுகின்றனர். அவர் எதைக் கற்றார், எதைக் காத்தார், யாருக்காகப் பேசினார் என்று கேட்போருக்கே அவர் முழு மனிதராகத் தெரிவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள பழைய சிற்பம், கோவில் அல்லது கைவினைப் பொருள் ஒன்றைக் கண்டு, அதனை உருவாக்கியோரின் திறனை வியந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. நிறம், உச்சரிப்பு, பிறப்பிடம் ஆகியவற்றை வைத்துக் கேலி செய்வது ஒருவரின் மனத்தில் ஏற்படுத்தும் விளைவுகளை வகுப்பில் குழுவாகக் கலந்துரையாடுக.

3. குமாரசுவாமியின் கருத்துகளுள் நீங்கள் ஏற்பவை, மறுப்பவை ஆகியவற்றைத் தனித்தனியே பட்டியலிட்டுக் காரணம் கூறுக.

4. வ.உ.சிதம்பரனார், ஆனந்த குமாரசுவாமி ஆகிய இருவரின் சுதேசியச் சிந்தனைகளை ஒப்பிட்டு ஒரு சொற்பொழிவு உரை உருவாக்குக.